தவிட்டாள் தீவு பார்க்கப் போனாள்

புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டே என் மகளுக்குச் சொன்ன கதை இது. கையில் வேலை இருந்தது, வாய் சும்மா இருந்தது, அப்படி வந்தது. பாதிப் புளி முறத்தில் கிடக்கும்போதே எழுதிவிடுகிறேன். அப்புறம் மறந்துபோகும்.

கடலுக்குப் பக்கத்தில் ஒரு குளம் இருந்தது. கரையில் ஒரு பனைமரம் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்தப் பனையில் ஒரு தூக்கணாங்குருவி ஜோடி குடியிருந்தது. ஆண்குருவிக்குத் தலை மஞ்சள். அதனால் அவன் பெயர் மஞ்சான். பெண்குருவி தவிட்டு நிறம். அதனால் அவள் தவிட்டாள்.

மஞ்சான் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பான். தவிட்டாள் நாலு பேர் கூடினால் ஓலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவளுக்குக் கூச்சமே கிடையாது.

தூக்கணாங்குருவிகளில் கூடு கட்டுவது ஆண்தான். அது நல்ல கூடா என்று பார்ப்பது பெண். பெண்குருவி வந்து அலகால் ஒரு நாரைப் பிடித்து இழுக்கும். அவிழ்ந்தால் அந்தக் கூடு வேண்டாம். அவிழாவிட்டால்தான் உள்ளே போகும்.

இந்த வருஷம் மஞ்சான் மூன்று கூடு கட்டினான். முதல் கூட்டின் நாரைத் தவிட்டாள் இழுத்தாள். அவிழ்ந்தது.

"வேண்டாம்!"

இரண்டாவதை இழுத்தாள். அதுவும் அவிழ்ந்தது.

"வேண்டாம்!"

மஞ்சானுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது கூட்டில் அவள் நாரைப் பிடித்துத் தொங்கியே பார்த்தாள். அசையவில்லை.

"இது சரி," என்றாள்.

பிறகு இரண்டு பேருமாகக் குளத்தங்கரைக் களிமண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து கூட்டின் உள்சுவரில் அப்பினார்கள். தூக்கணாங்குருவிகள் எல்லாம் அப்படித்தான் செய்யும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் ஐப்பசி மழையோடு தவிட்டாள் மூன்று முட்டை இட்டாள். மூன்றையும் காகம் தின்றது. கூட்டின் வயிற்றைக் கிழித்து, ஒவ்வொன்றாக எடுத்து, அவள் கண் முன்னாலேயே தின்றது. இந்த வருஷம் மழைக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. மழை வந்தால் முட்டையும் வந்துவிடும். அதற்குள் காகம் எட்டாத இடம் வேண்டும். தவிட்டாளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

ஒரு நாள் காலையில் உப்புக்கொத்தி வந்து இறங்கினார். அவர் வடக்கே பனி நாட்டுப் பறவை. ஒவ்வொரு புரட்டாசியிலும் இந்தக் குளத்தில் நாலு நாள் தங்கிவிட்டுத் தெற்கே போவார். குளத்தில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாங்க அண்ணாச்சி! என்ன இப்படி மெலிஞ்சுட்டீங்க?" என்று கேட்டது தவளை.

"பறந்து வந்த தூரம் அப்படி! இன்னும் பத்து நாள் பாரு. தீவுக்குப் போனா நடக்க முடியாம குண்டாயிருவேன்!"

"எந்தத் தீவு?" என்றான் மஞ்சான்.

"வெண்மணல் தீவு! நடுக்கடல்ல கிடக்கு. சுத்திலும் கண்ணாடி மாதிரித் தண்ணி. உள்ளே பூராவும் தென்னை. கோடை கிடையாது. மாசத்துக்கு நாலு மழை. பாம்பு கிடையாது. காகம் கிடையாது!"

"காகம் கிடையாதா?"

சத்தம் ஓலைக்குப் பின்னாலிருந்து வந்தது. தவிட்டாள்தான்!

"ஒண்ணு கிடையாதும்மா! அந்தக் கரகரச் சத்தம்கூடக் கிடையாது!"

தவிட்டாள் ஓலை ஓரத்துக்கே வந்துவிட்டாள். காகம் இல்லாத ஊர்! அப்படி ஒரு ஊர் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மஞ்சான் ஓலைக்கு ஓலை தாவினான். "ஏளா, நாம போவோம்! இப்பவே போவோம்!"

"அவ்வளவு கடலை நாம எப்படிங்க பறக்க?"

"நீங்க ஏன் பறக்கணும்?" என்றார் அண்ணாச்சி. "துறைமுகத்துல தோணி நிக்குது. வெங்காய மூட்டை, அரிசி மூட்டை எல்லாம் ஏத்திக்கிட்டு வெள்ளிக்கிழமை கிளம்புது. மூணு நாள் ஓட்டம். நாலு நாள் சரக்கு இறக்கும். மூணு நாள்ல திரும்பி வந்துரும். அங்கே கரையில சிந்துற அரிசியே உங்களுக்கு வருஷம் பூராக் காணும்!"

மஞ்சான் அதற்குமேல் கேட்கவில்லை. நேரே கூட்டுக்குப் போனான். அலகால் ஒரு நாரைப் பிடித்து அவிழ்க்கத் தொடங்கினான்.

"என்ன செய்யுதீங்க?"

"நாரைக் கொண்டுபோய் அங்கே கட்டிக்கிடலாம்ளா!"

"விடுங்க அதை!"

அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. குளமே திரும்பிப் பார்த்தது. தவிட்டாள் வெட்கப்பட்டு ஓலைக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்தே மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கும் ஆசைதாங்க. ரொம்ப ஆசை. ஆனா முதல்ல எடை போட்டுப் பார்ப்போம்."

அவள் வேண்டாம் என்று தள்ளிய இரண்டு கூடும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. மஞ்சான் ஒரு நாணல் குச்சியை மட்டைமேல் குறுக்கே வைத்தான். இந்த முனையில் ஒரு கூடு, அந்த முனையில் ஒரு கூடு. தராசு தயார்!

"இது 'போகலாம்' கூடு. அது 'வேண்டாம்' கூடு," என்றான் மஞ்சான். "நல்லது ஒண்ணு சொன்னா இதுல ஒரு களிமண் உருண்டை. கெட்டது ஒண்ணு சொன்னா அதுல ஒரு உருண்டை. வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க!"

குளத்தில் ஒரே கொண்டாட்டம்! ஆளாளுக்கு மண் உருட்டினார்கள்.

"காகம் இல்லை!" அண்ணாச்சி ஓர் உருண்டை போட்டார். "கோடை இல்லை! மழை நாலு! அரிசி சிந்தும்!" இப்படி வரிசையாக மொத்தம் எட்டு உருண்டை போட்டார்.

"பாம்பு இல்லையாமே!" என்று தவளை குதித்தது. "அதுக்கு மட்டும் நான் பத்து உருண்டை போடுவேன்!"

"ஒரு காரணத்துக்கு ஒரு உருண்டைதான்!" என்றான் மஞ்சான்.

"பாம்பு உம்மையா முழுங்குது? என்னையத்தானே முழுங்குது! பத்து!"

பனையில் ஓர் ஓணான் உண்டு. எதற்கும் பயம். அது 'வேண்டாம்' கூட்டுக்கு வந்தது.

"தோணி கவிழ்ந்துட்டா? புயல் வந்துட்டா? தேங்காய் தலையில விழுந்துட்டா? அங்கே உள்ளவங்க பேசுறது புரியலைன்னா?"

ஒவ்வொன்றுக்கும் ஓர் உருண்டை போட்டது. போடும்போதெல்லாம் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தது.

"ஏ ஓணானே! வாய் வேண்டாம் வேண்டாம்னு சொல்லுது, தலை ஆமா ஆமாங்குது. எதை நம்ப?" என்றது தவளை. எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது பனை உச்சியில் நிழல் விழுந்தது. சிரிப்பு நின்றது. காகம் வந்து உட்கார்ந்தது. அதன் அலகில் பெரிய உருண்டை ஒன்று இருந்தது.

"தங்கச்சி, போகாதே!" என்றது காகம். குரல் வெல்லப்பாகு மாதிரி இருந்தது. "நம்ம ஊரு மாதிரி வருமா? நீ போயிட்டா எனக்குச் சோறு இறங்காது!"

சொல்லிவிட்டு 'வேண்டாம்' கூட்டில் தன் உருண்டையைப் பொத்தென்று போட்டது.

தவிட்டாள் ஓலைக்குப் பின்னாலிருந்து வந்தாள். காகத்தின் உருண்டையை எடுத்தாள். அதைக் கொண்டுபோய்ப் 'போகலாம்' கூட்டில் வைத்தாள்.

குளம் அதிரச் சிரிப்பு! தவளை சிரித்துச் சிரித்துத் தண்ணீரில் விழுந்தது. காகம் "நல்லதுக்குக் காலம் இல்லை!" என்று கத்திக்கொண்டே பறந்து போனது.

'போகலாம்' கூடு தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு இறங்கிவிட்டது. 'வேண்டாம்' கூடு மேலே ஆடியது.

"முடிஞ்சுது! போறோம்!" மஞ்சான் ஆடவே தொடங்கிவிட்டான்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் தவிட்டாள். பிறகு எல்லாரையும் பார்த்தாள். ஓலைக்குப் பின்னால் போய்விடலாமா என்றிருந்தது. இருந்தாலும் கேட்டாள்:

"உருண்டை போட்டவங்கள்ல யார் எங்ககூட வாரீங்க?"



"எனக்கு உப்புத் தண்ணி ஆகாதே மைனி," என்றது தவளை.

ஓணான் முதல்தடவையாகத் தலையை ஆட்டாமல் இருந்தது.

"நான் போறேனே!" என்றார் அண்ணாச்சி. "என் எட்டு உருண்டையும் செல்லும்ல?"

"செல்லும் அண்ணாச்சி. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. அந்தத் தீவுல உங்க வீட்டுல எத்தனை முட்டை பொரிச்சிருக்கு?"

"முட்டையா?" அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்று யோசித்தார். "அதெல்லாம் வடக்கே பனி நாட்டுலதாம்மா. தீவுல நான் திங்கேன், தூங்குதேன், கடற்கரையில நடக்கேன். அவ்வளவுதான். நான் அங்கே விருந்தாளி!"

"அப்போ அங்கே குடும்பம் வச்சுப் பார்த்தவங்க இங்கே ஒருத்தரும் இல்லை," என்றாள் தவிட்டாள். "அதனால நான் போய்ப் பார்த்துட்டு வாரேன்."

"நீயா!" என்று குளமே கேட்டது.

"நீ எதுக்குளா? நான் போயிட்டு வாரேன்!" என்றான் மஞ்சான்.

"நீங்க போனா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவீங்க. போறதுக்கு முன்னாலேயே சொல்லியாச்சே! கட்டுறது நீங்க, இழுத்துப் பார்க்கிறது நான். கூட்டுக்கு அப்படின்னா ஊருக்கும் அப்படித்தான்."

மஞ்சான் தராசைப் பார்த்தான். இரண்டு கூட்டை அவள் தள்ளியது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"பத்து நாள்ல வந்துருவேன்," என்றாள் தவிட்டாள். "அதுவரைக்கும் கூட்டுல ஒரு நாரைக்கூட அவிழ்க்கக் கூடாது!"

"நான் பார்த்துக்கிடுதேன் மைனி!" என்றது தவளை. "இவர் அலகு கூட்டுப் பக்கம் போனா நான் போடுற சத்தத்துல துறைமுகமே முழிச்சிரும்!"

வெள்ளிக்கிழமை தோணி கிளம்பியது. பனையை விட்டு ஒரு கல் தூரம்கூடப் போகாத தவிட்டாள் பாய்மரக் கயிற்றில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணாச்சி. கரை சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு காணாமல் போய்விட்டது. எங்கே பார்த்தாலும் நீலம்! மீன்கள் தண்ணீரை விட்டுத் துள்ளி எழுந்து பறந்தன. "அண்ணாச்சி, மீன் பறக்குது! மீன் பறக்குது!" என்று அவள் கத்தினாள். தோணிக்காரர்கள் அரிசி களைந்த இடத்தில் சிந்தியதைக் கொத்தித் தின்றாள். அலை தூக்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள். அலை இறங்கியபோது, இன்னொரு தடவை தூக்காதா என்றிருந்தது.

நாலாம் நாள் காலையில் தீவு தெரிந்தது.

அண்ணாச்சி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை! வெள்ளை மணல். கண்ணாடித் தண்ணீர். தென்னைக்கு மேல் தென்னை. தவிட்டாள் தீவை ஒரு சுற்று சுற்றினாள். பாம்பு இல்லை. இன்னொரு சுற்று சுற்றினாள். காகம் இல்லை. ஒரு கிளையில் உட்கார்ந்து அரை நாள் காது கொடுத்துக் கேட்டாள். அந்தக் கரகரச் சத்தம் இல்லவே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நார் எப்படி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். தென்னை ஓலையில் ஒரு கீற்றைக் கிழித்தாள். முடிச்சுப் போட்டாள். இழுத்தாள். அவிழவில்லை! தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை!

"போதும்! இதுதான் நம்ம ஊரு!" என்று கத்தினாள்.

பக்கத்துக் கிளையில் ஒரு வெள்ளை ஆலா உட்கார்ந்திருந்தாள். அந்தத் தீவுக்காரி. கடலில் மீன் பிடிக்கிற பறவை.

"எதுக்கு இப்படிக் கத்துதே? என் முட்டை பயந்துரும்," என்றாள் ஆலா.

"மன்னிச்சிருங்க அக்கா. கூடு எங்கே?"

"கூடா? அப்படின்னா?"

ஆலா கொஞ்சம் நகர்ந்தாள். வெறும் கிளையில் ஒரு சின்னக் குழி. அதில் ஒரே ஒரு முட்டை. கூடும் இல்லை, குச்சியும் இல்லை!

"ஐயோ! விழுந்துட்டா?"

"அதான் மேலேயே உட்கார்ந்திருக்கோமே! நானும் அவரும் மாத்தி மாத்தி. இங்கே காத்து எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியாது. மத்தியானம் பாரு."

தவிட்டாளுக்கு அந்தப் பேச்சு உறுத்தியது. நார் மட்டும் பார்த்தால் போதுமா? கூடு கட்ட அவளுக்கு வராது. ஆனால் ஒரு சின்ன வளையம் பின்ன வரும். தென்னங்கீற்றில் ஒரு கிண்ணம் மாதிரிப் பின்னினாள். ஓலை நுனியில் தொங்கவிட்டாள். முட்டைக்குப் பதிலாக ஒரு புன்னைக்காயைத் தூக்கி வந்து அதில் வைத்தாள்.

மத்தியானம் கடல்காற்று வந்தது. கிண்ணம் காற்றில் தலைகீழாகப் போனது! புன்னைக்காய் பறந்து கடலில் விழுந்தது. தொப்!

தவிட்டாளின் அலகு தானாகவே கீழே போனது. எத்தனையோ தடவை செய்த பழக்கம். கூடு ஆடினால் கீழே இறங்கி ஓர் உருண்டை மண் எடுப்பாள், அப்புவாள், கூடு நிற்கும். ஏன் என்று யோசித்ததே இல்லை. இப்போது அலகில் வந்தது மணல். உருட்டினாள். உதிர்ந்தது. நனைத்து உருட்டினாள். உதிர்ந்தது. நடுத்தீவுக்குப் போனாள். அங்கேயும் மணல். கிணற்றடிக்குப் போனாள். அங்கேயும் மணல்!

"அக்கா, இங்கே களிமண் எங்கே கிடைக்கும்?"

"களிமண்ணா? அப்படின்னா?" என்றாள் ஆலா.

தவிட்டாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட்டைக் காற்றில் நிறுத்துவது களிமண்தான்! அந்தக் கனம் இல்லாவிட்டால் முட்டை மூன்றும் புன்னைக்காய் மாதிரிப் போய்விடும். குளத்தில் காகம் தின்னும். இங்கே கடல் தின்னும்.

தோணி திரும்பும்வரை மூன்று நாள் அவள் தீவு முழுக்கத் தேடினாள். ஒரு பொட்டு களிமண்கூட இல்லை. அண்ணாச்சி பாவம், வெட்கப்பட்டார்.

"பத்து வருஷமா வாரேன்மா. ஒரு நாளும் நான் இதைக் கவனிக்கலையே!"

"உங்களுக்குத் தேவைப்படலை அண்ணாச்சி. எனக்கே தெரியலையே!" என்று சொல்லிவிட்டுத் தோணி ஏறினாள்.

குளத்தில் மஞ்சான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். கூடு அப்படியே இருந்தது.

"தினம் காலையில ஒரு நாரைத் தொட்டுப் பார்ப்பாரு மைனி!" என்றது தவளை. "நான் ஒரு சத்தம் போடுவேன். காலையும் அலகையும் வச்சுக்கிட்டுச் சும்மா இருன்னு! கத்திக் கத்தி என் தொண்டை கட்டிருச்சு!"

"தீவு எப்படிளா?" மஞ்சானுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி சொன்னது அத்தனையும் நிஜம்!"

"காகம்?"

"இல்லை!"

"நார்?"

"இழுத்துப் பார்த்தேன். நம்ம நாரை விட உறுதி!"

மஞ்சான் ஒரே தாவு தாவினான். "அப்போ போறோம்!"

"களிமண் இல்லை," என்றாள் தவிட்டாள்.

தாவியவன் அப்படியே நின்றான். தேங்காய் விழுவது வரைக்கும் யோசித்த ஓணானுக்கே இது தோன்றவில்லையே!

தவிட்டாள் புன்னைக்காய் கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, பத்து நாளாகத் தொங்கிக்கொண்டிருந்த தராசைப் பார்த்தாள். இரண்டு கூட்டிலும் உருண்டைகள் காய்ந்து கிடந்தன.

"நல்லதை எல்லாம் இந்த மண்ணை வச்சு எடை போட்டோம். கெட்டதை எல்லாம் இந்த மண்ணை வச்சு எடை போட்டோம். மண்ணை யாரும் எடை போடலை. அது எல்லா ஊர்லயும் இருக்கும்னு நினைச்சோம்."

"அப்போ போகலையா?" மஞ்சானின் குரல் இறங்கிவிட்டது. "இங்கேயே காகத்துக்கிட்ட..."

அவன் முடிக்கவில்லை. பனை உச்சியில் காகம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அலகை மட்டையில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தீட்டியது.

தவிட்டாள் காகத்தைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். திடீரென்று இறக்கையை அடித்தாள்.

"யார் போகலைன்னு சொன்னா? போறோம்! இந்த உருண்டை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போறோம்!"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்! 'போகலாம்' உருண்டையும் வேணும். 'வேண்டாம்' உருண்டையும் வேணும். ஒரு கூட்டுக்கு இது போதும். காய்ஞ்சிருந்தா என்ன? அங்கே மாசம் நாலு மழை. நனைஞ்சா இளகிரும்!"

அடுத்த தோணிக்கு நாலு நாள்தான் இருந்தது. மஞ்சானும் தவிட்டாளும் பனைக்கும் துறைமுகத்துக்கும் பறந்தார்கள். தோணியின் பின்பக்கம், சுருட்டி வைத்த பழைய கயிற்றுக்குள்ளே உருண்டைகளைப் பதுக்கினார்கள். குறைந்தால் என்ன செய்வது என்று தவளை புதிதாகப் பன்னிரண்டு உருட்டிக் கொடுத்தது. "வழியில உடைஞ்சா?" என்று ஓணானும் இரண்டு கொடுத்தது.

"நம்ம கூட்டு நாரை இப்பவாவது அவிழ்க்கட்டுமா?" என்று கேட்டான் மஞ்சான்.

"வேண்டாம். அது இங்கேயே தொங்கட்டும். அங்கே சரிப்படலைன்னா திரும்பி வந்து எங்கே இறங்க? நார் அங்கே இருக்கு. கூடு இங்கே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். குளத்தில் எல்லாரும் கத்தினார்கள். தவளை தொண்டை கட்டியிருந்தும் கத்தியது.

தீவில் இறங்கி, உருண்டைகளை ஒரு தென்னை அடியில் கொண்டுவந்து சேர்த்த அன்றே மஞ்சான் வேலையைத் தொடங்கினான். தென்னங்கீற்றைக் கிழித்தான், பின்னினான், முடிந்தான். பதினைந்து நாள் ஆனது. தவிட்டாள் வந்து ஒரு நாரை இழுத்தாள். மஞ்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது சரி!"

மழை வந்தது. உருண்டைகள் இளகின. இரண்டு பேரும் ஒவ்வொன்றாக எடுத்து உள்சுவரில் அப்பினார்கள். அண்ணாச்சி போட்டது, தவளை போட்டது, ஓணான் பயந்து பயந்து போட்டது, எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. எது 'போகலாம்', எது 'வேண்டாம்' என்று இப்போது யாருக்குத் தெரியும்? காகத்தின் உருண்டைதான் எல்லாவற்றிலும் பெரியது. தவிட்டாள் அதை முட்டை இடுகிற அறையின் அடியில் வைத்து அழுத்தினாள்.

மத்தியானக் காற்று வந்தது. ஓலை ஆடியது. மட்டை ஆடியது. கூடு அசைந்தது. ஆனால் புரளவில்லை!

தவிட்டாள் உள்ளே போனாள். மறுநாள் ஒரு முட்டை. அதற்கு மறுநாள் ஒன்று. அதற்கு மறுநாள் ஒன்று.

ஆலா வந்து எட்டிப் பார்த்தாள். "இது என்ன பை? முட்டையை உள்ளே போட்டுட்டு நீ வெளியே ஊர் சுத்துதியா? நல்ல ஏற்பாடா இருக்கே!"

சித்திரையில் அண்ணாச்சி வடக்கே போகிற வழியில் குளத்தில் இறங்கினார். உருண்டு திரண்டிருந்தார். நடக்கவே முடியவில்லை.

"மூணும் பொரிச்சிருச்சு!" என்று இறங்கும்போதே கத்தினார். "மூணும் பறக்குது! மஞ்சான் ரெண்டாவது கூடு கட்ட இன்னும் மண் கேட்டு விட்டிருக்கான்!"

தவளை குளத்தைக் கலக்கிவிட்டது. ஓணான் தலையை ஆட்டியது. இந்தத் தடவை நிஜமாகவே 'ஆமாம்' என்றுதான் ஆட்டியது.

அண்ணாச்சி பனை உச்சியைப் பார்த்தார். காகம் வேறு எங்கோ பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஏ காகமே! தவிட்டாள் உனக்கும் ஒரு சேதி சொல்லி விட்டிருக்கா. முட்டைக்கு அடியில இருந்து காத்துக்கு அசையாம தாங்கினது நீ போட்ட உருண்டைதானாம். மறக்காம நன்றி சொல்லச் சொன்னா!"

காகத்துக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

புது ஊருக்குப் போகுமுன் அங்கே என்னென்ன கிடைக்கும் என்று கேட்டால் மட்டும் போதாது, இங்கே நாம் கவனிக்காமலே தினமும் கையில் எடுக்கிற எது அங்கே இருக்காது என்பதையும் போய்ப் பார்த்து, அதைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

புளி இன்னும் அரை முறம் கிடக்கிறது. "ஏளா இசக்கி, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கணும், பிள்ளையைக் கூட்டிக்கிட்டுச் சீக்கிரம் வா!" என்று வாசலில் நின்று என் வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். இதோ கை கழுவிவிட்டுப் போகிறேன், போகும்போதே அவரிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும், நாம் குடும்பத்தோடு போகிற அந்தத் தீவில் புளி கிடைக்குமா என்று.